ஐம்பது வயதில் 'எல்' தகடு: பிரித்தானியாவில் கட்டுப்படியாகும் கார் காப்புறுதி எடுப்பது எப்படி?

கார் பழக வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் நம்மவர் பலர் முதலில் செய்வது, விலை ஒப்பிடும் இணையதளம் ஒன்றைத் திறந்து ஒரு வருடக் காப்புறுதிக்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான். திரையில் வரும் தொகையைக் கண்டதும், "இந்த வயதில் எனக்கு இது எதற்கு?" என்று மூடிவைத்துவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது, அந்த நேரத்தில் அவர்களுக்குத் தேவையே இல்லாத ஒன்றின் விலை. பழகும் காலத்துக்கு ஒரு காப்புறுதி; பரீட்சையில் தேறிய பிறகு வேறொரு காப்புறுதி. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துகொள்வதால்தான் காசு வீணாகிறது. சில வேளை சட்டச் சிக்கலும் வருகிறது.

கீழே உள்ளவை இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தின் விதிகள் வேறு.

1. லைசன்ஸ்: பெயரைக் கவனியுங்கள்

ஊரில் இருபது வருடம் கார் ஓட்டியவராக இருக்கலாம். இலங்கை அல்லது இந்திய லைசன்ஸை வைத்துக்கொண்டு இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே ஓட்டலாம். அந்த லைசன்ஸை இங்கத்தைய லைசன்ஸாக மாற்றித் தரமாட்டார்கள். மலேசிய லைசன்ஸுக்கும் இதே கதிதான். சிங்கப்பூர் லைசன்ஸ் உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஐந்து வருடங்களுக்குள் பரீட்சை எழுதாமலே மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் 12 மாதம் முடிந்ததும், பழகுபவருக்குக் கொடுக்கும் தற்காலிக லைசன்ஸான புரொவிஷனலுக்கு இறங்கி, சட்டத்தின் கண்ணில் புதிதாகப் பழகுபவராகிவிடுகிறோம். கெடு முடிந்த பிறகும் ஊர் லைசன்ஸை நம்பி ஓட்டினால், காரின் மேல் இருக்கும் காப்புறுதியும் உங்களைக் காப்பாற்றாது.

புரொவிஷனலுக்கு, லைசன்ஸ் வழங்கும் அரசாங்க நிறுவனமான டி.வி.எல்.ஏ.யின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண். தபாலில் அனுப்பினால் 43. அரசாங்கத்தின் இணையதளம்போலத் தோற்றம் காட்டி, மேலதிகமாகப் பணம் வாங்கும் இடைத்தரகர் பக்கங்களும் தேடலில் வரும். அவற்றைத் தவிருங்கள்.

லைசன்ஸ் கையில் வந்ததும் அதில் உள்ள 16 எழுத்து, இலக்கங்களைக் கொண்ட சாரதி இலக்கத்தைப் பாருங்கள். முதல் ஐந்து இடங்களும் உங்கள் குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்துகள். பெயரில் நான்கே எழுத்துகள் இருந்தால் ஐந்தாவது இடத்தில் 9 வந்து நிற்கும். குடும்பப் பெயர் என்ற ஒன்றே நம்மிடம் இல்லாததால், கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். வங்கியில் கணவரின் பெயர் இருக்கும். வேலையிடத்தில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். பல காப்புறுதி நிறுவனங்கள் இந்த இலக்கத்தை வைத்து டி.வி.எல்.ஏ.யின் பதிவைச் சரிபார்க்கின்றன. ஆகவே காப்புறுதிப் படிவத்தில் லைசன்ஸில் உள்ளபடியே, அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டலில் பெயரை எழுதுங்கள்.

2. பயிற்றுநரின் காரில் மட்டும் பழகுகிறீர்களா?

அப்படியானால் நீங்கள் காப்புறுதிக்கு ஒரு பென்னிகூடச் செலவழிக்க வேண்டியதில்லை. அது பயிற்றுநரின் பொறுப்பு. நீங்கள் கொடுக்கும் மணித்தியாலக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும்.

காரின் முன் கண்ணாடியில் அவருடைய அடையாள அட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முழுத் தகுதி பெற்றவருக்குப் பச்சை நிற எண்கோணம். பயிற்சியில் இருப்பவருக்கு இளஞ்சிவப்பு முக்கோணம். இரண்டும் இல்லாமல், "தெரிந்த அண்ணா ஒருவர் பாதிக் காசுக்குப் பழக்குவார்" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். பதிவில்லாதவர் பணம் வாங்கிக்கொண்டு கார் பழக்குவது சட்டப்படி குற்றம். அந்தக் காரில் விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் என்ன சொல்லும் என்பதை விளக்கத் தேவையில்லை.

3. வீட்டுக் காரில் பழகுவதென்றால்

இங்கேதான் செலவு தொடங்குகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு 21 வயதுக்கு மேல் இருக்க வேண்டும். முழு லைசன்ஸ் எடுத்து மூன்று வருடங்கள் ஆகியிருக்க வேண்டும். அந்த வகைக் காரை ஓட்டும் தகுதியும் இருக்க வேண்டும். ஓட்டோமெற்றிக் லைசன்ஸ் மட்டும் உள்ளவர் கியர் காரில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்க முடியாது. காரின் முன்னும் பின்னும், பழகுபவர் என்று காட்டும் சிவப்பு 'எல்' தகடு வேண்டும். வேல்ஸில் 'டி' தகடும் போடலாம். பக்கத்தில் தகுதியானவர் இல்லாமலோ தகடு இல்லாமலோ ஓட்டினால் 1,000 பவுண் வரை தண்டமும் லைசன்ஸில் ஆறு தண்டப் புள்ளிகள் வரையும் கிடைக்கலாம். பக்கத்தில் இருப்பவரும் சட்டத்தின் பார்வையில் கிட்டத்தட்ட சாரதி மாதிரித்தான். மது அருந்தியிருக்கக் கூடாது. கைபேசியைக் கையில் எடுக்கக் கூடாது. அத்தான் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே, "இடப்பக்கம் திருப்பு" என்று சொல்வதெல்லாம் நடக்காது.

பிந்திய வயதில் பழகுபவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ இருப்பார். ஐம்பத்திரண்டு வயது அம்மாவுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் மகன்தான் இருப்பான். அவனுக்கு 22 வயது. 18 வயதில் லைசன்ஸ் எடுத்துவிட்டான். சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் காப்புறுதி நிறுவனங்கள் பல, பக்கத்தில் இருப்பவருக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும் என்று தங்கள் பாலிசியில் எழுதி வைத்திருக்கின்றன. சட்டம் அனுமதிக்கும், பாலிசி அனுமதிக்காது. காசு கட்டுவதற்கு முன் இந்த ஒரு வரியைத் தேடி வாசியுங்கள்.

"தெருவுக்குப் போகவில்லையே, சுப்பர் மார்க்கெட் தரிப்பிடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில்தானே சுற்றுகிறோம்" என்பதும் அடிக்கடி காதில் விழும் சமாதானம். பொதுமக்கள் வந்துபோகக்கூடிய இடமென்றால் அங்கேயும் காப்புறுதி கட்டாயம். கோயில் தரிப்பிடத்துக்கும் இதே விதிதான். காப்புறுதி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 300 பவுண் தண்டம், ஆறு புள்ளிகள். காரையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம். வழக்கு நீதிமன்றம் போனால் தண்டத்துக்கு உச்ச வரம்பில்லை. அந்தக் குற்றக் குறியீடு நான்கு வருடங்கள் லைசன்ஸில் இருக்கும். அது இருக்கும்வரை மலிவான காப்புறுதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

4. இரண்டு வழிகளில் எது மலிவு?

முதல் வழி, கார் சொந்தக்காரரின் பாலிசியில் உங்கள் பெயரையும் சேர்ப்பது. இரண்டாவது, பழகுபவருக்கென்றே உள்ள குறுகிய காலக் காப்புறுதியை உங்கள் பெயரில் தனியாக எடுப்பது. மார்மலேட், காலிங்வுட், அட்மிரல் குழுமத்தின் வெய்கோ போன்றவை இந்த இரண்டாவது வகையை விற்கின்றன. சில நிறுவனங்களில் சில மணித்தியாலங்களுக்கே எடுக்கலாம். நாள், வாரம், மாதக் கணக்கிலும் கிடைக்கும்.

என் பரிந்துரை பெரும்பாலும் இரண்டாவது வழிதான். காரணம் விலையல்ல, நோ கிளெய்ம் போனஸ்; அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகக் கிடைக்கும் கழிவு. கணவரின் பாலிசியில் உங்கள் பெயரைச் சேர்த்து, நீங்கள் சுற்றுவட்டத்தில் யாருடைய காரிலாவது உரசிவிட்டால், அந்த இழப்பீடு அவருடைய பாலிசியில் ஏறும். பத்து வருடமாகச் சேர்த்து வைத்த கழிவு குறையும். அடுத்த புதுப்பித்தலில் விலை ஏறும். அந்தப் பேச்சு வீட்டில் எத்தனை மாதம் ஓடும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தனியாக எடுத்த பாலிசியில் இழப்பீடு கேட்டால், வழக்கமாக அது உங்களோடு நின்றுவிடும்.

இருந்தாலும் முதல் வழியின் விலையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். வயது நமக்குச் சாதகமாக வேலை செய்யும் இடம் அது. 17 வயதுப் பிள்ளையின் பெயரைச் சேர்த்தால் ஏறும் அளவுக்கு ஐம்பது வயதுக்காரரின் பெயரைச் சேர்த்தால் பொதுவாக விலை ஏறாது. சொந்தக்காரர் தன் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்து இரண்டு தொகைகளைக் கேட்கட்டும்: மீதி மாதங்களுக்கு எவ்வளவு கூடும், பாலிசியை மாற்ற நிர்வாகக் கட்டணம் எவ்வளவு? இந்த இரண்டாவது தொகையைக் கேட்க மறந்துவிட்டால் பிறகு பில்லில்தான் பார்ப்பீர்கள்.

பழகுபவர் காப்புறுதியில் மூன்று இடங்களை வாசிக்காமல் காசு கட்டாதீர்கள். வயது வரம்பு: சில நிறுவனங்கள் இளையோருக்காகவே நடத்துகின்றன, மேல் வயது எல்லை வைத்திருக்கின்றன. காரின் பெறுமதி: குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட காரை ஏற்காத நிறுவனங்கள் உண்டு. அடிப்படைக் காப்புறுதி: காரின் மேல் சொந்தக்காரரின் பாலிசி ஏற்கெனவே இருக்க வேண்டுமா, இல்லாவிட்டாலும் பரவாயில்லையா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

எப்போது எடுப்பது என்பதிலும் காசு இருக்கிறது. செயன்முறைப் பரீட்சைக்கு நாள் கிடைக்கப் பல இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. முதல் பாடம் எடுத்த கையோடு ஆறு மாதப் பாலிசியை வாங்கிவிட்டு, கார் வாசலில் தூங்க, காப்புறுதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய. பயிற்றுநர், "இனி வீட்டிலும் ஓட்டிப் பழகலாம்" என்று சொல்லும்வரை பொறுங்கள். பிறகு பரீட்சை நாளை வைத்துப் பின்னோக்கி எண்ணி, ஒவ்வொரு மாதமாக எடுங்கள்.

5. படிவத்தில் உண்மை சொல்லியே விலையைக் குறைப்பது

விலை ஒப்பிடும் தளங்களில் பெரியவை கம்பேர் த மார்க்கெட், மணிசூப்பர்மார்க்கெட், கோ கம்பேர், கன்ஃபியூஸ்ட். ஒன்றில் வரும் விலை மற்றதில் வராது. குறைந்தது இரண்டிலாவது பாருங்கள். கேள்விகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சறுக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

லைசன்ஸ் வகை. புரொவிஷனல் என்றால் புரொவிஷனல்தான். "ஊரில் முழு லைசன்ஸ் இருக்கிறதே" என்று முழு லைசன்ஸ் கட்டத்தில் அடையாளமிட்டால் விலை குறையும். விபத்து நடந்த அன்று பாலிசியும் காணாமல் போகும். ஊரில் ஓட்டிய அனுபவத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதில்லை, சில எடுக்கும். தொலைபேசியில் கேட்டுப் பார்ப்பதற்குக் காசு இல்லை.

தொழில். ஒரே வேலையைப் பட்டியலில் இரண்டு மூன்று பெயர்களில் காணலாம், ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தன்னை வேலையில்லாதவர் என்று போடத் தேவையில்லை. அதற்குத் தனியான தெரிவு இருக்கிறது. உண்மைக்குப் பொருந்தும் பெயர்களுக்குள் மலிவானதைத் தேர்ந்தெடுப்பதில் பிழையில்லை. இல்லாத வேலையைப் போடுவதுதான் பிழை.

பயன்பாடு. கடைத் தெரு, கோயில், உறவினர் வீடு என்றால் சமூக, வீட்டுப் பயன்பாடு. வேலைக்குப் போய்வருவதென்றால் அதற்கான கட்டத்தையும் தெரிவு செய்ய வேண்டும். சொந்தக் கடை வைத்திருப்பவர் கேஷ் அண்ட் கேரி மொத்தக் கடையில் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வருவது வியாபாரப் பயன்பாடு. நம்மவர் படிவங்களில் அதிகம் விடுபடுவது இதுதான். சாப்பாடு விநியோகம் செய்வதற்கு முற்றிலும் வேறு காப்புறுதி வேண்டும்.

கார் இரவில் நிற்கும் இடம். லண்டனுக்குள்ளேயே அஞ்சல் குறியீடு மாறினால் விலை மாறும். அதற்காக வெளியூரில் இருக்கும் தம்பியின் முகவரியைக் கொடுப்பது மோசடி.

உடல்நிலை. நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர் அதை டி.வி.எல்.ஏ.க்குக் கட்டாயம் அறிவித்திருக்க வேண்டும். பார்வையும் அப்படித்தான்: கண்ணாடி போட்டாவது 20 மீற்றர் தூரத்தில் நிற்கும் காரின் இலக்கத்தகட்டை வாசிக்க முடிய வேண்டும். செயன்முறைப் பரீட்சை அந்தச் சோதனையோடுதான் ஆரம்பிக்கும்.

எக்ஸஸ் என்பது விபத்து நடந்தால் முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை. அதை உயர்த்தினால் காப்புறுதிக் கட்டணம் குறையும். 3,000 பவுண் காருக்கு 1,000 பவுண் எக்ஸஸ் வைத்துவிட்டு மலிவு என்று மகிழ்வதில் பொருளில்லை. மாதத் தவணை என்பது வட்டிக்குக் கடன் வாங்குவது. முடிந்தால் மொத்தமாகக் கட்டிவிடுங்கள். வருடப் பாலிசி என்றால், தொடங்கும் நாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன் பார்க்கும் விலை, முந்தைய நாள் பார்க்கும் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

6. கணவர் பெயரில் எடுப்பது

இதற்குத் தனித் தலைப்பு வேண்டியிருக்கிறது. கார் உங்களுடையது, தினமும் ஓட்டப்போவது நீங்கள், ஆனால் விலை குறையும் என்பதற்காகக் கணவரையோ அண்ணாவையோ முதன்மைச் சாரதியாகப் போட்டு, உங்களை மேலதிகச் சாரதியாகச் சேர்ப்பது காப்புறுதி மோசடி. "எல்லோரும் செய்கிறார்கள்" என்று சொல்வார்கள். அவர்களில் பெரிய விபத்தைச் சந்தித்தவர்களின் அனுபவத்தைக் கேளுங்கள். நிறுவனம் விசாரிக்கும். வேலைக்குப் போகும் பாதை, தரிப்பிட அனுமதி, சேவிஸ் பில் ஆகியவற்றில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்கும். பாலிசியை ரத்துச் செய்தால் உங்கள் காருக்கு எதுவும் கிடைக்காது; மற்றவருக்குக் கொடுத்த இழப்பீட்டையும் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு படிவத்திலும், "உங்கள் பாலிசி எப்போதாவது ரத்துச் செய்யப்பட்டதா?" என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுத வேண்டியிருக்கும்.

மறுபக்கமாகச் செய்வது முற்றிலும் சட்டபூர்வமானது, அதைச் செய்யுங்கள். பாலிசி உங்கள் பெயரில், முதன்மைச் சாரதி நீங்கள், அனுபவமுள்ள கணவரோ அக்காவோ மேலதிகச் சாரதி. அவர் உண்மையிலேயே இடைக்கிடை ஓட்டுவார் என்றால் போதும். பல வேளைகளில் இதுவே விலையைக் குறைத்துவிடும்.

வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும், "பாதி விலைக்குக் காப்புறுதி செய்து தருகிறேன், நம்ம ஆள்தான்" என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள். இவர்கள் போலிப் பத்திரம் தருவார்கள். அல்லது உண்மையான நிறுவனத்தில் பொய்த் தகவல் கொடுத்து எடுத்துவிட்டு, சில நாளில் ரத்துச் செய்து பணத்தை எடுத்துக்கொள்வார்கள். தரகரின் பெயர் நிதி நடத்தை ஆணையமான எஃப்.சி.ஏ.யின் பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் வேண்டாம்.

7. சொந்தக் கார் வாங்குவதென்றால்

காரைப் பார்த்துப் பிடித்த பிறகு காப்புறுதி விலை கேட்பது தலைகீழ் வேலை. இங்கே கார்களை இலக்கமிட்ட காப்புறுதிப் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். இலக்கம் குறையக் குறையச் செலவும் குறையும். ஹியுண்டாய் ஐ10, கியா பிக்கான்டோ, வொக்ஸ்வேகன் அப் போன்ற சின்னக் கார்கள் கீழ்ப் பிரிவுகளில் இருக்கின்றன. விற்பவரிடம் பதிவிலக்கத்தை வாங்கி, முற்பணம் கொடுக்குமுன் அந்த இலக்கத்தை வைத்தே விலை பாருங்கள். யப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியானதா என்றும் கேளுங்கள். அவற்றை ஏற்காத நிறுவனங்கள் பல.

ஓட்டோமெற்றிக்கா, கியரா? ஓட்டோமெற்றிக்கில் தேறினால் ஓட்டோமெற்றிக் மட்டும்தான் ஓட்டலாம். கார் விலையும் காப்புறுதியும் கொஞ்சம் கூடலாம். ஆனாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நான் அதையே சொல்வேன். கிளச்சோடு போராடி எடுக்கும் மேலதிகப் பாடங்களும், தவறிய ஒவ்வொரு பரீட்சைக்கும் மீண்டும் கட்டும் 62 பவுணும் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

நீங்கள் ஓட்டும் விதத்தைப் பதிவுசெய்யும் கருவியோடு வரும் கறுப்புப் பெட்டிக் காப்புறுதி இளைஞர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பகலில், மெதுவாக, குறைந்த தூரம் ஓட்டும் நம் வயதுக்காரருக்கு அது பொருந்தும். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவர்கள் மட்டும் யோசித்து எடுக்க வேண்டும். பின்னிரவில் ஓட்டினால், ஓட்டும் விதத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணைக் குறைக்கும் பாலிசிகள் இருக்கின்றன.

8. பரீட்சை நாளும் அதன் பிறகும்

சொந்தக் காரில் பரீட்சைக்குப் போவதென்றால், பாலிசி பரீட்சையையும் உள்ளடக்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பரீட்சகருக்கென மேலதிகப் பின்பார்வைக் கண்ணாடி ஒன்றும் உள்ளே பொருத்த வேண்டும்.

தேறியவுடன் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பழகுபவர் காப்புறுதி பழகுபவருக்குத்தான். "நீங்கள் தேறிவிட்டீர்கள்" என்று பரீட்சகர் சொன்ன கணத்தோடு அது பொதுவாக முடிந்துவிடும். அதே காரை வீட்டுக்கு நீங்களே ஓட்டிக்கொண்டு போனால் காப்புறுதி இல்லாமல் ஓட்டியவராவீர்கள். கூட வந்தவர் ஓட்டட்டும். அல்லது புதிய பாலிசியை முன்கூட்டியே பார்த்து வைத்து, பரீட்சை நிலைய வாசலில் நின்றே தொலைபேசியில் தொடங்கிவிட்டுப் புறப்படுங்கள். கணவரின் பாலிசியில் பெயர் சேர்த்திருந்தாலும் தேறிய செய்தியை அன்றே அறிவிக்க வேண்டும், விலை மாறலாம்.

முதல் இரண்டு வருடங்களுக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் லைசன்ஸ் பறிபோய், மறுபடி புரொவிஷனலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த விதி வயது பார்ப்பதில்லை. வருடப் பாலிசி எடுத்த பிறகு மனம் மாறினால் 14 நாள் அவகாசம் உண்டு. ஓடிய நாட்களுக்கும் நிர்வாகச் செலவுக்கும் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். வருட முடிவில் பழைய நிறுவனம் தானாகவே புதுப்பிக்கும். புதியவருக்குக் கொடுக்கும் விலையைவிடக் கூடுதலாகப் பழையவரிடம் வாங்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஆனால் பக்கத்து நிறுவனம் அதைவிட மலிவாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு வருடமும் பாருங்கள். மாறும்போது நோ கிளெய்ம் போனஸுக்கான அத்தாட்சிக் கடிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். பொதுவாக இரண்டு வருடங்களுக்குள் வேறொரு பாலிசியில் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். காரை விற்றுவிட்டு நீண்ட காலம் ஊரில் போய் இருப்பவர்கள் திரும்பும் திகதியை இதையும் பார்த்துத் தீர்மானிப்பது நல்லது.